பேனரின் முதுகில் வரைந்த முட்டு

நைனா,

இன்று காலை உன் பேனரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து தரையில் விரித்தேன். விரித்த உடனே அந்த வாசனை வந்தது. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஒன்பது மாதம் பரணில் சுருண்டு கிடந்த பிறகும் அந்த மை வாசனை போகவில்லை. மண்ணெண்ணெயும் புது பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி இருக்கும், உனக்குத் தெரியும். முன்பெல்லாம் அந்த வாசனை வந்தாலே எனக்கு மார்க்கரைத் தேடத் தோன்றும். இன்று ஷெட் கதவை முழுதாகத் திறந்து வைத்தேன்.

உன் சேக்காளிகள் ஊர் முனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் இது. ரேஷன் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். உன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது. நீ ஒரு நாளும் போடாத கோட்டு ஒன்றை உனக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். நீ பார்த்திருந்தால் எந்தக் கடையில் வாடகைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டிருப்பாய். உன் முகம் தரையைப் பார்க்க, வெள்ளை முதுகு மேலே வர, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். பிறகு வெகு நேரம் அதன்மேல் கால் வைக்க முடியாமல் நின்றேன்.

மற்ற பேனர்களின்மேல் நாம் எவ்வளவு நடந்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர்களின் பிறந்தநாள். விழா முடிந்த மறுநாள் நீ போய்க் கேட்டு வாங்கி வருவாய். கவிழ்த்துப் போட்டால் சுத்தமான வெள்ளை. அதில் நம் வண்டியான ‘நண்டு’வை முழு அளவில் வரைவோம். முன் கை ஒரு பேனர், பக்கெட் ஒன்று, சேசிஸ் இரண்டு, பின்னால் கலப்பையைத் தூக்கும் கம்பிகள் ஒன்று. எதிர் வீட்டு அக்காவின் மஞ்சள் நீராட்டு பேனரில் நான் பக்கெட்டை வரைந்தபோது, “பாவம், அந்தப் பொண்ணு தலைமேல ஒரு யூனிட் மண்ணக் கொட்டிட்டியே பாப்பா” என்றாய். நான் சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

நீ பதினேழு வருடம் பெரிய ஜேசிபி ஓட்டினவன். மாமல்லபுரம் கடலோரத்தில் பிளாட் போடுவதற்காகக் குட்டைகளை மூடினாய், சவுக்குத் தோப்புகளைப் பிடுங்கினாய். அந்தக் கதைகளை எல்லாம் அதிகம் சொல்லமாட்டாய். ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தாய், திரும்பப் போகவில்லை. முப்பது சென்ட், ஐம்பது சென்ட் வைத்திருப்பவன் வரப்புக்குள் பெரிய வண்டி இறங்கினால் திரும்புவதற்கே பாதி நிலம் போய்விடும் என்பாய். அவனுக்கு உழவும் வேண்டும், மண்ணும் வார வேண்டும், மேடும் தட்ட வேண்டும், குழியும் எடுக்க வேண்டும். நாலு வேலைக்கு நாலு வண்டி எங்கே போவான்? கிணற்றில் கிடக்கும் ஆயில் இன்ஜினையும், உடைத்த ஜீப்பின் அச்சையும், பழைய டிப்பரின் ஹைட்ராலிக்கையும் வைத்துக்கொண்டு, வெல்டு வைக்கத் தெரிந்த எவனும் தன் வீட்டு வாசலிலேயே கட்டிக்கொள்ள ஒரு வண்டி. நீ மூன்று வருடம் இதையே நினைத்துக்கொண்டிருந்தாய். முதல் நண்டு நம் ஷெட்டில் எழுந்து நின்று, முன் கையைத் தூக்கியபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

உனக்குப் பென்சில் பிடிக்க வராது. தலைக்குள் முழு வண்டியும் இருக்கும், கோடு மட்டும் கோணலாகப் போகும். நான் ஒன்பதாவதோடு நின்றவள். படிப்பு வராமல் நிற்கவில்லை. எழுந்து நின்று வாசி என்று சொன்னால் எழுவேன், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வை பட்டதும் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் பையைக் கொண்டுவந்து வைத்தவள் மறுநாள் எடுக்கவில்லை. அம்மா ஒரு வாரம் திட்டினாள். நீ திட்டவில்லை. “வாயி வேல செய்யலன்னா இன்னா, கை செய்யுதே” என்று சொல்லி சுண்ணாம்புக் கட்டியைக் கையில் கொடுத்தாய். நீ இரும்பைத் தரையில் வைத்துக் காட்டுவாய், நான் அதை பேனரில் இறக்குவேன். என் கோடு ஒரு முடி அளவுகூடத் தப்பாது என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறாய்.

அளவு எழுதலாம் என்று நான்தான் கேட்டேன். நீ வேண்டாம் என்றாய். நம்பர் பார்த்தால் பாதிப் பேர் பயந்து பேனரை மடித்து வைத்துவிடுவான், டேப் பிடிக்கத் தெரியாதவனும் இதைக் கட்ட வேண்டும், இரும்பை பேனர்மேல் வைத்து, கோட்டைப் பார்த்து வெட்டினால் போதும் என்பது உன் கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டில் நீளம் தெரியும், அகலம் தெரியும், ஓட்டை எங்கே என்று தெரியும். கனம், அதாவது தகடு எத்தனை எம்எம் தடிப்பு என்பது, தெரியாது. அதை மட்டும் வாயால் சொல்ல வேண்டும். எந்தத் துண்டு என்ன தகடு என்று பேனரைக் கொடுக்கும்போது நீ ஒவ்வொன்றாகக் கை வைத்துச் சொல்வாய். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே போனால் வளையும், திரும்ப வெல்டு வைத்துக்கொள்ளலாம். முட்டு அப்படி இல்லை.

முட்டு, இரண்டடி நீளத்துக்கு ‘ப’ மாதிரி மடிந்த ஒரு இரும்புச் சேனல். நண்டின் கையைத் தூக்கி வைத்து அடியில் வேலை பார்க்கும்போது, சிலிண்டர் தண்டின்மேல் அதைக் கவிழ்த்து மாட்டி, கையை அதன்மேல் உட்கார வைப்பாய். “தூக்கினு கீறது எண்ணெ. எண்ணெ எப்ப வோணா ஓடிடும். இரும்பு ஓடாது” என்று சொன்னாய். பெரிய வண்டியில் ஒருதரம் ஹோஸ் வெடித்துக் கை விழுந்ததைப் பார்த்தவன் நீ. கீழே யாரும் இல்லை, ஒரு தண்ணீர்க் குடம் மட்டும் இருந்தது என்று சொல்லி, அந்தக் குடம் எப்படி இருந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டாய். முட்டு மாட்டியதும் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்பாய், அதிலேயே கனம் தெரிந்துவிடும். பிறகுதான் குனிவாய்.

இதை எல்லாம் உனக்கே எதற்கு எழுதுகிறேன் என்றால், அடுத்து எழுத வேண்டியதை எழுதப் பயமாக இருக்கிறது.

மூன்று பேருக்கு நம் பேனர் போயிருக்கிறது. முதலில் வாங்கியவர் முட்டுக்காட்டுக்காரர், படகுகளை மேலே இழுக்கவும் மணலைத் தள்ளவும் ஒரு நண்டு வேண்டும் என்று வந்தவர். அவருக்கு நீ கொடுத்தாய். இரண்டாவது கருங்குழிக்காரர். அவர் வந்த அன்று நீ பழைய பம்பு தேடிப் புதுப்பேட்டைக்குப் போயிருந்தாய். வந்தால் பேனரைக் கொடுத்துக் கனத்தைச் சொல்லிவிடு, முட்டு எட்டு எம்எம் என்று மட்டுமாவது சொல்லிவிடு என்று காலையில் மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாய். நான் மூன்று தரமும் தலையாட்டினேன்.

அவர் தனியாக வரவில்லை. மச்சானும் இன்னொருவரும் கூட வந்திருந்தார்கள். நல்லவர்கள்தான், சிரித்துப் பேசுகிறவர்கள். பேனரை வெளியே வைத்தேன். “இம்மாம் பெருசா வரைஞ்சது நீதானா பாப்பா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “இன்னா மச்சான், நைனா மாரியே வாயாடியா கீது” என்று அந்த மச்சான் சொன்னதும் மூன்று பேரும் சிரித்தார்கள். எட்டு எம்எம். நாக்கின் நுனியில் இருந்தது. மூன்று முகமும் என்னைப் பார்த்தன. “வேற எதுனா சொல்லணுமா மா?” என்று கருங்குழிக்காரர் அன்பாகத்தான் கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, நீ கொட்டமேட்டில் வெல்டு வேலைக்குப் போயிருந்தபோது, மூன்றாவது ஆள் மொபெட்டில் வந்தார். ஒல்லியானவர், தலையில் ஈரத் துண்டு. பேனரைச் சுருட்டிப் பின்னால் கட்டிக்கொண்டே, எந்த ஊர் என்று நான் கேட்காததால் அவரே சொன்னார்: “பக்கத்துலதாம்மா, ஏரிக்கு அந்தாண்ட.” அவருக்கும் நான் சொல்லவில்லை. முதல் தடவை சொல்லாமல் விட்டது இரண்டாவது தடவையைச் சுலபமாக்கிவிட்டது.

அன்று சாயங்காலம் நீ கை கழுவிக்கொண்டே கேட்டாய். “ரெண்டு பேராண்டயும் சொல்லிட்டியா பாப்பா?”

நான் தலையாட்டினேன், நைனா. இந்தத் தடவை மேலும் கீழுமாக.

பங்குனியில் கருங்குழி நண்டு எழுந்து நின்றது. கையில் எண்ணெய் கசிகிறது, ஒருதரம் வந்து பாருங்கள் என்று போன் வந்ததும், நாஸ்தாகூட முழுதாகச் சாப்பிடாமல் கிளம்பினாய். நானும் வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். பத்து மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் போனபோது உன்னை எடுத்துச் சென்றுவிட்டார்கள். வண்டி மட்டும் நிலத்தின் நடுவில் பக்கெட்டைத் தரையில் பதித்து, தலை குனிந்த மாதிரி நின்றது. பச்சை பெயின்ட் அடித்து, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். அப்படி ஒரு அழகான நண்டை நாம் இரண்டு பேரும் செய்ததில்லை.

கருங்குழிக்காரர் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். “அச்சு அசலா வெட்னோம்மா. நீ போட்ட கோட்ட வுட்டு இம்மிகூட நவுரல” என்றார். கையைத் தூக்கி, முட்டு இரும்பையும் தாங்களே மாட்டி வைத்திருந்தார்களாம். நீ போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தாயாம். “எம் பொண்ணு போட்ட கோடு” என்று அந்த மச்சானிடம் சொன்னாயாம். ஸ்பேனரால் தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்ற வேண்டும்? நான்தான் தலையாட்டியிருந்தேனே. குனிந்து உள்ளே போய் ஹோஸைக் கழற்றினாய். எண்ணெய் இறங்கியதும் பாரம் முழுவதும் முட்டின்மேல் வந்தது.

அது வண்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஷெட் கூரைக்குப் போடும் தகட்டில் மடித்துச் செய்தது. ஓரம் கையைக் கிழிக்கக் கூடாது என்று நுனிகளை மடக்கி, மூடி வெல்டு வைத்து, வழவழப்பாகத் தேய்த்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கனமே தெரியாது. நடுவில் சாக்லேட் தாள் மாதிரி நசுங்கியிருந்தது. எல்லோரும் உன் பின்னால் போன பிறகு நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் வந்துவிட்டது. நம் ஷெட்டில் இருக்கும் முட்டு இரண்டு கையாலும் தூக்கினால்தான் எனக்கு வரும்.

அன்றும் நான் சொல்லவில்லை. கடவுள் விட்ட வழி என்றார்கள், நேரம் சரியில்லை என்றார்கள், லைசென்ஸ் இல்லாத வண்டி என்றார்கள். கருங்குழிக்காரர் அந்த நண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டார். தன் கைதான் உன்னைக் கொன்றது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முட்டுக்காட்டுக்குப் போனேன். தனியாக, பஸ்ஸில். அந்த நண்டு படகுத் துறைக்குத் தெற்கே, உப்புக் காற்றில் துருவேறி நின்றது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவர் படித்துவிட்டு என்னை அழைத்துப் போய் இருக்கைக்குப் பக்கத்தில் சங்கிலியில் தொங்கிய முட்டு இரும்பைக் காட்டினார். “எட்டு எம்எம்தான் பாப்பா. உங்க நைனா பேஜாரு பண்ணிட்டாரு. நாலு வாட்டி சொன்னாரு, அஞ்சாவது வாட்டி என்னையே சொல்லச் சொல்லிக் கேட்டாரு. பள்ளிக்கூடம் மாரி” என்றார். நான் அதைக் கல்லால் தட்டிக் கேட்டேன். உன் சத்தம் கேட்டது.

அதன் பிறகு மொபெட்காரரைத் தேடினேன். ஏரிக்கு அந்தாண்ட. நம் மாவட்டத்தில் எந்த ஏரிக்கு அந்தாண்ட, நைனா? டீக்கடையில் உன் பேரைச் சொல்லி விசாரித்து நேராக வீட்டுக்கு வந்தவர். போன் நம்பர் இல்லை, பேர் தெரியாது. சைக்கிளில் மதுராந்தகம் பக்கம் போனேன், அச்சரப்பாக்கம் வரைக்கும் போனேன். வெல்டிங் பட்டறைகளில் தாளை நீட்டிக் காட்டுவேன். சிலர் நன்கொடை கேட்கிறேன் என்று நினைத்துச் சில்லறை கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், அந்த மாதிரி ஒரு இரும்புக் கையை ஒரு ஆள் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னார். எந்தப் பக்கம் என்று அவருக்கு நினைவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு நிச்சயம் வந்துவிட்டது. அது எங்கோ நிற்கிறது. அதன் முட்டு என் கோட்டின்படி, இம்மி தவறாமல், ஏதோ ஒரு தகட்டில் வெட்டப்பட்டுச் சங்கிலியில் தொங்குகிறது.

இந்த வருடம் மழை விடாமல் பெய்தது. நம் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் தண்ணீர் போகிறது. நான்கு நாளாக வெயில். முந்தாநாள் மதியம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆயில் இன்ஜின் சத்தம் வந்தது. யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏரி நிரம்பியிருக்கும்போது எதற்கு இறைக்க வேண்டும்? துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் திணறியது, தணிந்தது, உச்சியில் கீச்சென்று ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு இலேசாகி ஒரு இடி இடித்தது. மறுபடியும் திணறல். அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? கை ஏறி இறங்குகிற சத்தம்.

நம் ஏரிக்கே அந்தாண்ட. ஒன்பது மாதம் நான் ஊர் ஊராகத் தேடியவர் எதிர்க்கரையில் இருந்திருக்கிறார்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். ரிசார்ட் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், உனக்குத் தலையாட்டினது வரைக்கும். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவள் அழவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இத்த வேற யாராண்டயும் சொல்லாத” என்றாள். “ஒருத்தர் போய்ட்டாரு. உன்னியும் ஸ்டேஷனுக்கு இட்டுகினு போனா நா இன்னா பண்ணுவேன்?”

நான் எதிர்க்கரைப் பக்கம் கை காட்டினேன்.

“அந்த ஆளு விதி அந்த ஆளுக்கு” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். ஆனால் தூங்கவில்லை. காலையில் ஆறு மணி வேனுக்குப் போகும்முன் நான் பரணிலிருந்து பேனரை இறக்கியதைப் பார்த்தாள். “அவரு மூஞ்சியத் தரையில கவுத்துப் போடப்போறியா?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. ஷெட் சாவியை எடுத்து மறைத்து வைக்கவும் இல்லை.

இன்று நீ மிச்சம் வைத்த சேனலில் ஒரு முட்டு வெட்டினேன். வெட்டிய நுனியை மடக்கவில்லை, மூடவில்லை. கனம் தெரியட்டும் என்று அப்படியே விட்டேன். பிறகு உன் பேனரில் அதைச் சுற்றிக் கோடு போட்டேன். கோட்டுக்குப் பக்கத்தில், நீ எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதினேன். எட்டு எம்எம். ஒரு சாண் உயரத்துக்கு, கண் மங்கியவனுக்கும் தெரிகிற மாதிரி. எழுத்து தெரியாதவனுக்காகக் கீழே வெட்டுமுகத்தையும் வரைந்தேன், இரும்பை நிமிர்த்தி அதன்மேல் வைத்தால் கனம் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். இதை ஏன் முதலிலேயே நாம் யோசிக்கவில்லை? நீ வாயை நம்பினாய். என் வாயை.

மற்ற வேலைகளுக்கு நடுவே ஷெட் சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அண்ணே, உங்க முட்டு கனம் பத்தாது. அண்ணே, அதுக்கடியில போகாதீங்க. அண்ணே, நாந்தான் சொல்லாம வுட்டேன். மூன்றாவது மட்டும் ஒவ்வொரு தரமும் பாதியில் நின்றுவிடுகிறது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் உனக்கு எழுதிவிடத் தோன்றியது, உன்னிடம் சொல்லாமல் மற்றவரிடம் போய்ச் சொல்வது சரியாகப் படவில்லை. எழுதும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திணறல், இழுப்பு, இடி. திணறல், இழுப்பு, இடி. கேட்கிறவரைக்கும் அவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அதனால் தைரியமாக எழுதினேன்.

நைனா, இப்போது திணறல் கேட்டது. உச்சியில் அந்த இழுப்பும் கேட்டது. இடி கேட்கவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டார்கள்.

கை மேலே இருக்கிறது.

சைக்கிளில் கலங்கல் வரைக்கும் போகலாம். அங்கே தண்ணீர் முழங்காலுக்கு இருக்கும், அதற்கு மேல் முட்டு இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பத்துக் கிலோ. தூக்கிப் பார்த்துவிட்டேன், முடியும். கரை ஏறியதும் கத்த வேண்டும். அதைத்தான் இன்னும் பழகவில்லை.